ஒரு நீளம், இரண்டு குட்டி

என் தங்கை புருஷனின் ஜீப்பு திருட்டுப் போன அன்று அது எங்கே இருக்கிறது என்று மலையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரியாதவர்கள் ஜீப்புக்குச் சொந்தக்காரரும் நானும் போலீசும் மட்டுந்தான்.

எண்பதுகளின் தொடக்கம். மலையில் ஏலக்காய் எடுப்பு மும்முரமாக நடந்த ஐப்பசி மாதம். நான் போடியில் ஓர் ஏலக்காய்க் கமிஷன் கடையில் காய் தரம் பிரிக்கிற வேலையை மேற்பார்த்து வந்தேன். தங்கை வீடு மலையடிவாரத்து முந்தலுக்குப் போகிற ரோட்டின் மேலேயே இருந்தது. ஜீப்பு ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய வண்டி. சாம்பல் நிறம். தங்கை அதை நீலம் என்பாள். பதிவுச் சான்றிதழில் சாம்பல் என்றுதான் இருந்தது.

அதே சான்றிதழில் ‘சொந்த உபயோகம்’ என்றும் இருந்தது. அந்தச் சொந்த உபயோகத்துக்காகத்தான் மாப்ளே தினமும் காலையில் பதினைந்து பதினாறு பெண்களை ஏற்றிக்கொண்டு மலையுச்சியில் போடிமெட்டு என்கிற மேட்டைத் தாண்டியுள்ள ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போவார். வழியில் யாராவது கேட்டால் அத்தனை பேரும் சொந்தக்காரர்கள் என்று சொல்ல வேண்டும். பெண்களுக்கும் இது பழகியிருந்தது. ஒருத்தி சித்தி, ஒருத்தி அத்தை, ஒருத்தி கொழுந்தியா என்று முறை பிரித்து வைத்திருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி ஓர் அம்மா இருந்தார். நல்ல பருத்த உடம்பு. எல்லோரும் அவரை ஆத்தா என்பார்கள். முன் சீட்டு அவருடையது. அந்த ஜீப்பு ஒன்றை வைத்துத்தான் தங்கை வீட்டில் அடுப்பு எரிந்தது.

இந்த இடத்தில் ஹாரனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

போடிமெட்டுச் சாலையில் வளைவுக்கு வளைவு ‘ஹாரன் அடிக்கவும்’ என்று பலகை உண்டு. மலை டிரைவர்கள் அந்த ஹாரனுக்குக் கூடுதலாக ஒரு பயன் கண்டுபிடித்திருந்தார்கள். ஒரு நீளம், இரண்டு குட்டி அடித்தால் சாலையில் போலீசோ பிரேக் இன்ஸ்பெக்டரோ வருகிறார் என்று அர்த்தம். கேட்டவர் அதையே திருப்பி அடிக்க வேண்டும். அதை அடுத்த வளைவில் இருப்பவர் கேட்டு, அவரும் அடிப்பார். கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன் தலைமேல் ஒன்று அடுக்கியது போல் இருப்பதால், கீழே அடித்தது மேட்டுக்குப் போய்ச்சேர ஒரு பீடி பற்றவைக்கிற நேரம் போதும். உடனே ஜீப்புகள் பக்கத்து எஸ்டேட் மண்பாதைகளில் ஒதுங்கிவிடும். ஒதுங்க இடம் அகப்படாத ஜீப்பிலிருந்து கூடுதல் ஆட்கள் இறங்கிக் குறுக்குப் பாதையில் மலையேறி, அடுத்த வளைவில் நின்று மறுபடி ஏறிக்கொள்வார்கள். ஆபத்து நீங்கினால் இரண்டு நீளம். அவ்வளவுதான் முழு ஏற்பாடும். எழுதி வைத்தவர் யாருமில்லை, மீறியவரும் யாருமில்லை.

திருட்டு நடந்தது விடிகிற நேரத்தில். ஜீப்பின் பேட்டரி எப்போதும் சோர்ந்து கிடக்கும் என்பதால், மாப்ளே அதைச் சரிவு பார்த்து நிறுத்துவார். பிரேக்கை விட்டால் தானாக உருண்டு ஸ்டார்ட் ஆகும். சாவி என்று தனியாக ஒன்று கிடையாது. அன்று வீட்டுக்குப் பக்கத்து டீக்கடை வாசலில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். குடித்துவிட்டுத் திரும்பினால் தரையில் எண்ணெய்ச் சொட்டு மட்டும் இருந்தது.

என் வீட்டுக் கதவைத் தட்டியபோது அவருடைய கையில் டீக்கடை டம்ளர் இருந்தது. அதைக் கொண்டுவந்ததே அவருக்குத் தெரியவில்லை.

“மச்சான், ஜீப்பக் காணோம்.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“ஜீப்ப எப்படி மச்சான் நல்லாப் பாக்குறது? இருந்தா தெரியும், இல்லாட்டி தெரியாது. வெரசா வாங்க, ஸ்டேஷனுக்குப் போவோம்.”

ஸ்டேஷனில் இருந்த எஸ்.ஐ. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மாற்றலாகி வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. நல்ல மனிதர், சுறுசுறுப்பானவர். சமவெளியில் வளர்ந்தவராதலால் மலைச் சாலை மட்டும் அவருக்குப் புதிது. உடனே காகிதத்தை எடுத்தார்.

“வண்டி வழக்கமா எந்த வழியாப் போகும்?”

மாப்ளே என்னைப் பார்த்தார். “எங்கயும் போகாதுங்கய்யா. வீட்டு வாசல்லதான் நிக்கும்.”

“நிக்கிறதுக்கா ஜீப்பு வாங்கினீங்க?”

“எப்பவாச்சும் கோயிலுக்குப் போவோம்.”

“யார் யார் ஏறுவாங்க? எந்த நேரம், எங்க நிறுத்துவீங்க? இதெல்லாம் சொன்னாத்தான்யா வழியில அடையாளம் கேக்க முடியும். முந்தல் பக்கம் இந்த வண்டியைத் தெரிஞ்சவங்க இருப்பாங்களா?”

“அந்தப் பக்கம் போனதே இல்லைங்கய்யா.”

அவரைக் குறை சொல்ல முடியாது. ஜீப்பு தினமும் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, யாரை ஏற்றுகிறது என்று சொன்னால் ஜீப்பு கிடைக்கலாம். கிடைத்த ஜீப்பை அதற்குப் பிறகு ஓட்ட முடியாது. சொல்லாவிட்டால் ஓட்டுவதற்கு ஜீப்பே இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர் அன்று முழுவதும் உட்கார்ந்திருந்தார்.

எஸ்.ஐ. தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார். “மேட்டைத் தாண்டினா கேரளா. அதுக்கப்புறம் நான் கடுதாசிதான் எழுதணும். அவங்க பதில் எழுதுறதுக்குள்ள உங்க வண்டிய உதிரி உதிரியா வித்திருப்பான். ஏறுங்க.”

போலீஸ் ஜீப்பில் முன்னால் எஸ்.ஐ., வண்டியை ஓட்ட உள்ளூர்க்கார ஏட்டையா, பின்னால் நாங்கள் இருவரும், எங்களுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கான்ஸ்டபிள். இப்படி உட்கார்ந்திருந்ததைக் குறிப்பாகச் சொல்கிறேன். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு மாப்ளேயைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரிதான் இருந்திருக்கும்.

முந்தலில் வண்டி நின்றதும், அந்த ஊர் டீக்கடைக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தார்.

“என்னண்ணே இது! இன்னிக்கு உங்க ஜீப்பு ஆள் மாத்தி வருது, நீங்க ஜீப்பு மாத்தி வர்றீங்க! வழக்கமான ஸ்ட்ராங் டீ போடவா?”

எஸ்.ஐ. மெதுவாகப் பின்பக்கம் திரும்பினார். “அந்தப் பக்கம் போனதே இல்ல?”

“டீ குடிக்க வந்திருக்கேங்கய்யா.”

ஜீப்பு சற்று முன்புதான் மலையேறியிருக்கிறது, புது ஆள் ஓட்டினான், பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒல்லியான பையன் என்று டீக்கடைக்காரர் சொன்னார். “எல்லாப் பொம்பளையாளுகளும் ஏறியாச்சுல்ல” என்று அவர் அடுத்ததைத் தொடங்குவதற்குள் மாப்ளே இருமினார்.

ஜீப்பில் நடந்ததை அன்று மாலை அந்தப் பெண்களே எங்களிடம் சொன்னார்கள். நடந்த வரிசைப்படி இங்கேயே எழுதிவிடுகிறேன்.

திருடன் நேரே மேட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் கிளம்பியிருக்கிறான். முந்தலில் ரோட்டை அடைத்துக்கொண்டு பதினைந்து பெண்கள் நிற்பார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஜீப்பைப் பார்த்ததும் அவர்கள் கைகூடக் காட்டவில்லை. தூக்குச்சட்டியை உள்ளே வீசிவிட்டு, வண்டி நிற்பதற்கு முன்பே ஏறத் தொடங்கிவிட்டார்கள். ஆத்தா முன்னால் ஏறி உட்கார்ந்தார்.

“ஓனருக்கு என்னாச்சு?”

“காய்ச்சல்.”

“நேத்து நல்லாத்தான இருந்தாரு. நீ யாரு?”

“சொந்தக்காரன்.”

“இந்த ஜீப்புல எல்லாரும் சொந்தக்காரங்கதான். தள்ளி உக்காரு.”

அதற்கு மேல் அவனால் என்ன செய்ய முடியும்? ஆத்தா சொன்ன இடத்தில் நிறுத்தினான். ஊற்று இருக்கிற வளைவில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார், ஊற்றினான். ஒருத்திக்கு வாந்தி வந்தது, நிறுத்தினான். “கியரை மாத்துறப்ப வண்டி குலுங்காம மாத்துற, நல்ல பிள்ளை” என்று ஆத்தா பாராட்டியிருக்கிறார். அவன் அழுகிற மாதிரி இருந்தானாம். காய்ச்சல் இந்தச் சொந்தக்காரனுக்கும் தொற்றிவிட்டதோ என்று ஆத்தா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாராம்.

இவர்கள் ஊற்றில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் முதல் வளைவில் திரும்பினோம். எதிரே இறங்கிவந்த ஒரு லாரி எங்களைப் பார்த்தது. அது எங்களைத் தாண்டியதும் பின்னாலிருந்து சத்தம் வந்தது. ஒரு நீளம், இரண்டு குட்டி.

தலைக்கு மேலே எங்கோ ஒரு ஜீப்பு அதைத் திருப்பிச் சொன்னது. அதற்கும் மேலே இன்னொன்று. பிறகு மேகத்துக்குள்ளிருந்து வருவது போல மெல்லியதாக வேறொன்று.

எஸ்.ஐ. திருப்தியோடு தலையாட்டினார். “இந்த ரோட்டுல எனக்குப் பிடிச்சதே இதுதான்யா. வளைவு வந்தா ஹாரன் அடிக்கிறான். எங்க ஊர்ல ஆடு மாடு குறுக்க வந்தாக்கூட அடிக்க மாட்டான். மலை டிரைவருங்க ஒழுக்கமானவங்கன்னு போன மாசமே மேல எழுதி அனுப்பியிருக்கேன்.”

ஏட்டையா ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். மாப்ளே தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே மரங்களைப் பார்த்தேன்.

ஒவ்வொரு வண்டியாக நிறுத்திக் கேட்டோம். பஸ் டிரைவர் மாப்ளேயின் தினசரி கூட்டாளி. ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தார், இரண்டு பக்கமும் கான்ஸ்டபிள்கள் இருப்பதைப் பார்த்தார். அவர் முகம் கல்லாகிவிட்டது.

“சாம்பக் கலர் ஜீப்பா? நான் எந்த ஜீப்பையும் பாக்கலைங்கய்யா.”

“இந்த ரோட்டுல இன்னிக்கு ஜீப்பே போகலையா?”

“ஜீப்புன்னு ஒண்ணு நான் பாத்தே ரொம்ப நாளாச்சுங்கய்யா.”

மாப்ளே தலையை வெளியே நீட்டினார். “அண்ணே, நெசமாவே திருட்டுப் போச்சுண்ணே. எங்க இருக்குன்னு சொல்லுங்கண்ணே.”

பஸ் டிரைவரின் கண் கலங்கியது. அடித்துக் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். “தைரியமா இரு, தம்பி” என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டார்.

அடுத்து வந்த லாரிக்காரர் தனக்குக் கண் சரியில்லை என்றார்.

“கண்ணு சரியில்லாமயா லாரி ஓட்டுற?” என்றார் எஸ்.ஐ.

“ரோடு மட்டும் தெரியுங்கய்யா.”

பாதி மலையில், ஆட்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த பாயின் ஜீப்பை நிறுத்தினோம். பாய் மாப்ளேக்கு உயிர்ச் சிநேகிதர். இருவர் ஜீப்பும் ஸ்டாண்டில் அடுத்தடுத்துதான் நிற்கும். அவர் மற்றவர்களைப் போல் தெரியாது என்று சொல்லியிருந்தால் பாதகமில்லை. சிநேகிதம் அவரை அதோடு விடவில்லை. மாப்ளேயைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு எஸ்.ஐ.யிடம் திரும்பினார்.

“இவரு ஜீப்பாங்கய்யா? அது பத்து நாளா ஒர்க்‌ஷாப்புல கெடக்கே. எஞ்சினக் கழட்டிப் போட்டிருக்கு. நானே நேத்துப் போயிப் பாத்தேன்.”

மேலே எங்கோ ஒரு நீளம், இரண்டு குட்டி.

எஸ்.ஐ. இறங்கினார். மாப்ளேயையும் இறங்கச் சொன்னார். நானும் இறங்கினேன்.

“வாசல்லயே நிக்கிற ஜீப்பு, முந்தல்ல டீ குடிக்குது. திருட்டுப் போன ஜீப்பு, எஞ்சின் இல்லாம ஒர்க்‌ஷாப்புல கெடக்குது. பொய்ப் புகார் குடுத்தா என்ன ஆகும் தெரியுமாய்யா? இன்சூரன்சுக்கா?”

“அந்த ஜீப்புக்கு இன்சூரன்சே இல்லைங்கய்யா” என்று மாப்ளே தன் நேர்மையை நிரூபிக்கப் பார்த்தார்.

எஸ்.ஐ. அதையும் மனதில் குறித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

மாப்ளே பாயைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். மேட்டுக்கு இன்னும் சில வளைவுகள்தான். அதற்குப் பிறகு கேரளா. பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். காலை லோடு, சித்தி, அத்தை, கொழுந்தியா, மண்பாதை, குறுக்குப் பாதை, ஒரு நீளம், இரண்டு குட்டி. அவர் சொல்லச் சொல்லப் பாய் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு தன் ஜீப்பின் பம்பரில் உட்கார்ந்தார்.

எஸ்.ஐ. தலையைத் தூக்கி மேலே உள்ள வளைவுகளைப் பார்த்தார்.

“அப்ப இவ்வளவு நேரம் அடிச்சதெல்லாம்...”

“உங்களுக்குத்தாங்கய்யா.”

“நான் வளைவுக்குன்னு நெனச்சேன்.”

“வளைவுக்கும் அடிப்பாங்கய்யா” என்றார் மாப்ளே, ஆறுதலாக.

எஸ்.ஐ. ஏட்டையா பக்கம் திரும்பினார். “உமக்கு இது தெரியுமா?”

ஏட்டையா தொண்டையைச் செருமினார். “என் மச்சினன் ரெண்டு ஜீப்பு வச்சிருக்காங்கய்யா.”

எஸ்.ஐ. கோபத்தை ஒத்திவைக்கத் தெரிந்தவர். கணக்காக யோசித்தார். ஹாரனைக் கேட்டு எல்லா ஜீப்பும் ஒதுங்கியிருக்கிறது என்றால் திருட்டு ஜீப்பும் எங்கோ ஒதுங்கித்தான் இருக்கும். ஓட்டுகிறவனுக்குத் தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியும். அப்படியானால் அது இன்னும் மேட்டைத் தாண்டவில்லை. “இரண்டு நீளம் அடியும்” என்றார் ஏட்டையாவிடம்.

பாயால் பொறுக்க முடியவில்லை. “அது எடுபடாதுங்கய்யா. உங்க ஹாரன் தொண்டை கட்டுனவன் கத்துற மாதிரி இருக்கும். மலையில எல்லாருக்கும் அந்தக் கொரலு தெரியும்.” சொன்ன பிறகுதான் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“ரொம்ப நன்றி. அப்ப நீங்க அடிங்க, பாய்.”

“என்னைய விட்டுருங்கய்யா.”

“ஒர்க்‌ஷாப்பு கதையை எழுதிக்கவா?”

பாய் ஜீப்பில் ஏறினார். ஏதோ முணுமுணுத்தார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நீளம் அடித்தார்.

போலீஸ் ஜீப்பை ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு நாங்கள் சாலை ஓரத்தில் நின்று மேலே பார்த்தோம். இரண்டு நீளம் வளைவு வளைவாக மேலே ஏறியது. பிறகு மலை அசையத் தொடங்கியது. காப்பிச் செடிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு ஜீப்பின் மூக்கு வெளியே வந்தது. அதற்கு மேல் வளைவில், மரக்கிளையைத் தள்ளிக்கொண்டு இன்னொன்று. கைவிடப்பட்ட ஒரு கொட்டகைக்குள்ளிருந்து பின்பக்கமாக ஒன்று. ஒரு பாறைக்குப் பின்னால் ஜீப்பு நிற்க இடம் இருக்கும் என்று நானே நினைத்ததில்லை, அங்கிருந்து இரண்டு வந்தன. எல்லாவற்றிலும் ஆட்கள் பிதுங்கிக்கொண்டிருந்தார்கள். குறுக்குப் பாதையிலிருந்து பெண்கள் சேலையை உதறிக்கொண்டு சாலைக்கு ஏறினார்கள்.

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றினார். “இத்தனையுமா?”

“காய் எடுப்பு நேரங்கய்யா” என்றார் ஏட்டையா.

அதற்குள் மாப்ளே துள்ளினார். “அந்தா! என் ஜீப்பு!” எங்களுக்கு இரண்டு வளைவு மேலே சாம்பல் ஜீப்பு ஒரு மண்பாதையிலிருந்து சாலைக்கு ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் ஆத்தா.

ஏட்டையா அன்று ஓட்டிய ஓட்டத்தை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. தன் மச்சினனை எஸ்.ஐ.யின் மனதிலிருந்து அழிக்க வேண்டும் என்கிற வேகம் அதில் இருந்தது. கடைசி வளைவில் திரும்பியதும் ஜீப்பு எதிரே தெரிந்தது. எங்களைப் பார்த்துவிட்டார்கள். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். ஒதுங்க இடம் இல்லை.

ஒதுங்க இடம் இல்லாதபோது என்ன செய்ய வேண்டுமோ அதைப் பெண்கள் செய்தார்கள். பதறாமல், வரிசையாக இறங்கினார்கள். தூக்குச்சட்டியோடு குறுக்குப் பாதையில் ஏறத் தொடங்கினார்கள். வழக்கப்படி ஆத்தாவும் இன்னும் மூன்று பேரும் சட்டப்படியான ஆட்களாக உள்ளேயே இருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் பச்சை ஸ்வெட்டரும் ஏறிக்கொண்டிருந்தது.

ஆத்தா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “ஏப்பா டிரைவரு! நீ எங்க போற?”

அவன் வேகமாக ஏறினான்.

“ஏய், அவனப் புடிங்கடி! கூடுதல் ஆளுதான்டி எறங்கணும்! டிரைவரே எறங்கிட்டா வண்டிய உங்கப்பனா ஓட்டுவான்?”

மேலே இருந்த பெண்கள் அவன் சட்டையையும் ஸ்வெட்டரையும் பிடித்தார்கள். ஒருத்தி அவனுக்குச் சட்டம் விளக்கினாள். “போலீசு பாத்துட்டுப் போயிரும்ப்பா. நீ உன் சீட்டுல உக்காந்து நாங்கெல்லாம் சொந்தம்னு சொன்னாப் போதும். புது ஆளு, பயந்துட்டான்.” அவனைத் தள்ளிக்கொண்டு வந்து எஸ்.ஐ.யின் முன்னாலேயே டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார்கள்.

அவன் இரண்டு கையையும் நீட்டினான். “கூட்டிட்டுப் போயிருங்க, சார்” என்றான்.

விஷயம் தெரிந்ததும் ஆத்தா அவனை மேலும் கீழும் பார்த்தார். “திருடனா? கியரு போட்டதப் பாத்தா அப்படித் தெரியலையே” என்றார். பிறகு எஸ்.ஐ.யைப் பார்த்து, “சரிய்யா, இவன நீங்க வச்சுக்கங்க. எங்கள யாரு எஸ்டேட்டுல கொண்டுபோயி விடுறது?” என்று கேட்டார்.

எஸ்.ஐ. அன்று எந்த ஜீப்பின் மீதும் வழக்கு எழுதவில்லை. மலை டிரைவர்களின் ஒழுக்கத்தைப் பற்றி மேலே எழுதி அனுப்பிய கடிதம்தான் அவர்களைக் காப்பாற்றியது என்பது என் கருத்து. ஆனால் மறுநாள் காலை முந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஜீப்பு வழக்குச் சொத்தாக ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியில் பல வாரம் நின்றது. தங்கை தினமும் போய் அதைத் துடைத்துவிட்டு வந்தாள். கோர்ட்டில் சொல்லி அதை மீட்டுக்கொண்டு வந்த நாளில் மாப்ளே ஸ்டாண்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். யாரும் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

“ஒன் ஜீப்பு ஒரு ஜீப்பு” என்றார் ஸ்டாண்டில் மூத்தவர். “அதுக்காக மலையில இருக்கிற அத்தனை ஜீப்பையும் காட்டிக் குடுத்துட்டியேப்பா.”

“உங்க ஜீப்பெல்லாம் நின்ன எடத்துலதாண்ணே நிக்கிது. என்னோடதுதான் ஸ்டேஷன்ல நின்னுச்சு.”

பாய்க்குத்தான் மனத்தாங்கல் அதிகம். “மாப்ளே, ஒனக்காகத்தான ஒர்க்‌ஷாப்புன்னு சொன்னேன். போலீசு முன்னாடி என்னைப் பொய்யனாக்கிட்டியே.”

“நீ சொன்னது பொய்தானய்யா.”

“பொய்தான். அதுக்காக அதைச் சொல்லிக் காட்டுறதா?”

பழைய ஹாரனைக் கைவிட்டுப் புதிதாக ஒன்று ஏற்படுத்திக்கொண்டார்கள். அது என்னவென்று மாப்ளேயிடம் யாரும் சொல்லவில்லை. அதனால் மலையில் சட்டப்படியான எண்ணிக்கையில் ஆள் ஏற்றிய ஒரே ஜீப்பு அவருடையது ஆனது. எஸ்.ஐ.க்கு இதில் அவர்மேல் தனி மரியாதை. மேட்டுக்கு ஏதாவது சோலி என்றால், “உங்க வண்டியிலயே வர்றேன்” என்று முன் சீட்டில் ஏறிக்கொள்வார். ஆத்தா பின்னால் போய் உட்கார வேண்டியிருந்தது. அதை ஆத்தா எஸ்.ஐ.யிடமே சொல்லிக் காட்டினார்.

எஸ்.ஐ. எப்போது அந்த ஜீப்பில் இருப்பார், எப்போது இருக்கமாட்டார் என்று யாருக்கும் நிச்சயமில்லை. ஆகவே ஸ்டாண்டில் கூடிப் பேசி, மாப்ளேயின் ஜீப்புக்கென்றே தனியாக ஒரு ஹாரன் வைத்தார்கள். மூன்று குட்டி. அவர் முந்தலைத் தாண்டினால் மூன்று குட்டி. ஊற்றில் தண்ணீர் ஊற்றினால் மூன்று குட்டி. மேட்டில் இறங்கி நின்றால், அவர் எந்தக் கடை வாசலில் நிற்கிறார் என்பதுகூடக் கீழே இறங்கும் முதல் வண்டியோடு போடிக்கு வந்துவிடும். அந்த ஜீப்பை இனி யாராலும் திருட முடியாது என்று அவரே என்னிடம் பெருமையாகச் சொன்னார். பெருமை கொஞ்ச நாள்தான் இருந்தது.

ஒரு நாள் மதியம் தங்கை வீட்டில் இருந்தேன். மலையிலிருந்து இறங்கிய ஒரு ஜீப்பு வாசலில் வந்து நின்றது. தங்கை கையைக் கூடத் துடைக்காமல் வெளியே போனாள். “அண்ணே, அவுக எங்க?”

“முந்தல்ல, டீக்கடைப் பின்பக்கத்து ரூமுல சீட்டு வெளையாட உக்காந்திருக்காரு தங்கச்சி. இப்பத்தான் கலைச்சுப் போட்டாங்க.”

“மேல போற வண்டி இருந்தா சொல்லி விடுங்கண்ணே. சோறு வடிச்சாச்சு, ஒரு மணிக்குள்ள வரலைன்னா நான் அடுத்த பஸ்சுல வர்றேன்னு.”

என்னிடம் திரும்பி, “ஒக்காருங்கண்ணே, இப்ப வந்துருவாக” என்றாள். எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் குழம்பு கொதித்து இறங்குவதற்குள் முந்தல் பக்கமிருந்து மூன்று குட்டி கேட்டது. தங்கை இன்னொரு இலையைப் போட்டாள்.

மாப்ளே வந்து உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தார். அவள் ரசம் எடுக்க உள்ளே போனதும் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்.

“மச்சான், கையில நல்ல சீட்டு வந்திருந்துச்சு.”

“என்ன சீட்டு?” என்று கேட்டது தங்கை, அடுப்படியிலிருந்து.